நூற்றிருபது காலடி

முப்பத்தொன்று, முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று என்று பழனியாண்டி வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டு நடந்தார். சத்தமாக எண்ணினால் எண்ணிக்கை வாயோடு போய்விடும், காலுக்கு வந்து சேராது. நில அளவைத் திணைக்களத்தில் முப்பத்தாறு வருஷம் அளவுச் சங்கிலி பிடித்தவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முப்பத்துநான்கு. முதுகுக்குப் பின்னால் பாழுங்கிணறு, முன்னால் ஈச்சம்புதரும் நாயுருவியும் பாதி விழுங்கிவிட்ட பழைய பாதை, தலைக்கு மேலே காலை ஒன்பது மணி வெயில். எழுபத்தொரு வயது மனுஷன் ஒரு பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டியைத் தேடிக் காட்டுக்குள் போகிறான் என்று யாராவது பார்த்தால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். தார் ரோட்டில், நாவுலை ஊருக்கு இந்தப் பக்கம், ஆட்டோவில் உட்கார்ந்திருக்கும் மகள் தவமணி மட்டும் சிரிக்கமாட்டாள். அவளுக்கு இது சிரிப்பு விஷயமில்லை. முந்தாநாள் மாத்தளை வீட்டில் இரண்டு பேரும் பேசி முடித்த பேச்சு அது: பதினொரு வருஷத்துக்கு முன்னால் அவரே ஒளித்து வைத்த பெட்டியை, வழி எழுதிய தாளைப் பார்க்காமல், யாரையும் கேட்காமல், அவரே போய்க் கண்டுபிடித்துவிட்டால் அவர் தன் வீட்டிலேயே இருப்பார், அவளும் வத்தளைக்குத் தன் வீட்டுக்கு வா என்ற பேச்சை எடுக்கமாட்டாள். கிடைக்காவிட்டால் மறுபேச்சில்லாமல் பெட்டி படுக்கையோடு அவள் பின்னால் போய்விடுவார். "ஒரு மணி நேரம்தான்ப்பா, அதுக்கு மேல நான் உள்ள வந்துருவேன்" என்றாள். "அரை மணி நேரமே காணும் புள்ள, நீ ஒரு பிளேன்டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினார். முப்பத்தெட்டு. இல்லை, நாற்பது. நாற்பதுதான், காலுக்குத் தெரியும். நாற்பது காலடி என்றால் நூறு அடி. பழனியாண்டியின் காலடி ஒன்று இரண்டரை அடி, முப்பது அங்குலம், கூடாது குறையாது. நிலம் அளக்க வந்த சேவையர் ஐயாமார் டேப்பை விரிக்கச் சோம்பல்பட்ட இடத்தில் எல்லாம் "பழனியாண்டி, நீ நடந்துட்டு வந்து சொல்லு" என்பார்கள். அவர் நடந்துவிட்டு வந்து சொன்னதைத்தான் புத்தகத்தில் எழுதினார்கள். அந்தக் காலடியை நம்பி எத்தனையோ பேருடைய வேலி இன்றைக்கும் நிற்கிறது.

நாற்பத்தாறு. இந்தப் பாதையில் அவரைப் போல எண்ணிக்கொண்டு நடந்தவர்கள் யாரும் இருந்திருக்க மாட்டார்கள், அவர்களுக்கு எண்ணவே பயமாக இருந்திருக்கும். அந்தக் காலத்தில் கடல் தாண்டி வந்து மன்னார்க் கரையில் தோணியிறங்கி, மாத்தளை மலையில் கோப்பி நடுவதற்காக நாட்கணக்கில் நடந்து வந்த கூட்டம். காலையில் இருபது பேராகக் கிளம்பினால் பொழுது சாயும்போது எத்தனை பேர் மிச்சம் என்று எண்ணிப் பார்க்கவா தோன்றும்? அவருடைய பாட்டனுக்குப் பாட்டன் இந்தக் கிணற்றில் தண்ணீர் குடித்திருக்கலாம், குடிக்காமலும் போயிருக்கலாம், கிணறு அப்போதே வற்றியிருக்கலாம். இதையெல்லாம் நினைத்துக் கண் கலங்குவது செபஸ்தியான் மாஸ்டருக்கு வரும், பழனியாண்டிக்கு வராது. மாஸ்டர்தான் இந்த விளையாட்டைக் கொண்டுவந்தவர். லண்டனில் மகன் வீட்டுக்குப் போன இடத்தில் பார்த்தாராம்: வெள்ளைக்காரர்கள் குன்றிலும் காட்டிலும் பெட்டிகளை ஒளித்து வைக்கிறார்கள். பெட்டிக்குள் ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு முத்திரை. போகும் வழியைத் தாளில் சூசகமாக எழுதி விடுவார்கள். தேடிக் கண்டுபிடித்தவர் தன் சொந்த முத்திரையைப் பெட்டிப் புத்தகத்தில் குத்தி, பெட்டியின் முத்திரையைத் தன் புத்தகத்தில் குத்திக்கொண்டு, இருந்தது இருந்தபடி மூடி வைத்துவிட்டு, வாயைத் திறக்காமல் வந்துவிட வேண்டும். ஐம்பத்திரண்டு. மாத்தளையில் பென்ஷன் எடுத்துவிட்டுச் சும்மா இருந்த ஒரு பன்னிரண்டு பேரைச் சேர்த்து, நம் ஆட்கள் நடந்து வந்த பாதை நெடுக இப்படிப் பெட்டி வைப்போம், பெட்டி தேடுகிற சாக்கிலாவது நாலு பேர் இதில் நடக்கட்டும் என்றார் மாஸ்டர். வழிப்பெட்டி என்று பெயரும் வைத்தார். மனைவி அழகம்மா அப்போது உயிரோடு இருந்தாள், வயசான ஆம்பிளைகள் டிபன் பெட்டியை ஒளித்து விளையாடப் போகிறார்களாம் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்துவிட்டு, தன்னுடைய பச்சை மூடிப் பெட்டியைத்தான் எடுத்துக் கொடுத்தாள். பழனியாண்டி தேய்ந்த செருப்பு ரப்பரில் ஒரு சங்கிலி வளையத்தைச் செதுக்கித் தன் முத்திரையாக்கிக்கொண்டார். அவர் எழுதிய வழிச்சீட்டுதான் பன்னிரண்டிலும் சின்னது. கிணற்றின் தென்விளிம்பில் முதுகைக் கொடுத்து நில், மாத்தளைப் பக்கம் என் காலடியில் நூற்றிருபது நட, இடது கைப்பக்கம் குந்தியிருக்கும் கல்லின் மடியில் கையை விடு. என் காலடியில் என்றால் எப்படி என்று யாரும் கேட்கவில்லை. முந்நூறு அடிக் கயிற்றை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். அவர் காலடி எவ்வளவு என்று அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அறுபத்துமூன்று, அறுபத்துநான்கு. நூற்றிருபதும் ஞாபகமிருக்கிறது, தென்விளிம்பும் ஞாபகமிருக்கிறது, அழகம்மா பெட்டியைக் கொடுத்தபோது கட்டியிருந்த சேலைகூட ஞாபகமிருக்கிறது, அப்புறம் எதை மறந்துவிட்டாராம்? பக்கத்து வீட்டு யோகநாதனிடம் துக்கம் கேட்கப் போனதை. அங்கேதான் எல்லாம் பிடித்துக்கொண்டது. ஆனி மாதம் யோகநாதனின் தாயார் இறந்தபோது துக்கம் கேட்கப் போனார், திண்ணைப் பந்தலில் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்தார், நல்ல சாவு, கிடந்து உழலாமல் போய்ச் சேர்ந்தார் என்று சொன்னார், தேத்தண்ணீர் குடித்தார், வந்தார். அது புதன்கிழமை. வியாழக்கிழமை அதே சட்டையைப் போட்டுக்கொண்டு மறுபடி போனாராம், அதே கதிரையில் உட்கார்ந்து, நல்ல சாவு, கிடந்து உழலாமல் போய்ச் சேர்ந்தார் என்றாராம், யோகநாதன் ஒன்றும் சொல்லாமல் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டுத் தவமணிக்கு டெலிபோன் எடுத்தாராம். எல்லாம் 'போனாராம், என்றாராம்'தான், பிறர் சொல்லித்தான் தெரியும். அவருக்கு ஒரு தடவை போனதுதான் தெரியும், அது எந்த நாள் என்று தெரியாது. எழுபத்தொன்று. செத்த வீட்டில் ஒரு சொல்லை இரண்டு தரம் சொன்னால் குடியா முழுகிவிடும் என்று மகளிடம் கேட்டார். அவள் சமையல்கட்டு அலமாரியைத் திறந்து மூன்று உப்புப் பைக்கட்டைக் காட்டினாள், ஒன்றும் பிரிக்காதது. வத்தளையில் அவள் வீடு மூன்றாம் மாடி. நல்ல வீடு, மருமகன் நல்லவன், யாரும் அவரை ஒரு குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் அங்கே கீழே இறங்கினால் ஒரு முகம் தெரியாது. மாத்தளையில் தெரு மறந்து நின்றால் என்ன, "என்ன சங்கிலிக்காரரே, வீடு அந்தப் பக்கம்" என்று சொல்லப் பத்துப் பேர் இருக்கிறார்கள். வத்தளையில் வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றால் போலீஸ்காரன்தான் வருவான், அவனுக்குத் தமிழ் தெரியாது. எண்பத்தைந்து. இவ்வளவு நினைப்புக்கு நடுவிலும் எண்ணிக்கை அறுந்து போகவில்லை, கவனித்தாயா என்று யாரிடமோ கேட்டார். மூளை குழம்பியவனுக்கு இப்படி ஓடுமா?

நூற்றுப் பதினெட்டு, நூற்றுப் பத்தொன்பது, நூற்றிருபது. நின்றார். இடது பக்கம் திரும்பினார். அங்கே வெறுந்தரை, கொஞ்சம் காய்ந்த புல், ஒரு கறையான் புற்று. குந்தியிருக்கும் கல் இல்லை, நின்றிருக்கும் கல்லும் இல்லை. வலது பக்கம் பார்த்தார், அங்கேயும் இல்லை. கல் எங்கேயும் போகாது, பதினொரு வருஷம் ஒரு கல்லுக்குப் பெரிய காலமில்லை, அப்படியென்றால் போனது வேறு ஏதோ. நூற்றிருபதா, இருநூற்றுப் பத்தா? தென்விளிம்பா, வடவிளிம்பா? கிணற்றுக்குத் திரும்பிப் போனார், விளிம்பைத் தடவிப் பார்த்தார், முதுகைக் கொடுத்து நின்றார், மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று. இந்தத் தடவை எதையும் நினைக்கவில்லை, நினைக்காமலிருப்பதைப் பற்றி மட்டும் நினைத்தார். மறுபடி அதே புற்று. நூற்றிருபது என்று அவர் எழுதினாரா, அல்லது வழியில் யாரோ சொன்ன எண்ணை எடுத்துத் தன்னுடையதாக்கிக்கொண்டாரா? மாஸ்டரின் பெட்டிக்கு எண்பது, அது தெரியும். எண்பது தெரிந்தவனுக்கு நூற்றிருபது ஏன் தெரியாமல் போக வேண்டும்? இல்லை, தெரிகிறது. ஆனால் 'தெரிகிறது என்று நினைப்பதுதான் நோயே' என்று கண்டி டாக்டர் தவமணியிடம் சொன்னது அடுத்த அறையில் இருந்த இவருக்குக் கேட்டது. மறந்தவருக்கு மறந்தது தெரியாது, அது ஒன்றுதான் அவருக்கு நிம்மதி என்றார் டாக்டர். என்ன நிம்மதி அது? பொல்லாத நிம்மதி. தன் கையெழுத்து எது என்று பிறர் சொல்லித் தெரிய வேண்டிய நிம்மதி. அவருக்குப் பயமாக இருந்தது, நல்ல பயம். புற்றுக்குப் பக்கத்தில் அப்படியே குந்திவிட்டார். காடு அதுபாட்டுக்கு இருந்தது. ஒரு மரங்கொத்தி எங்கேயோ தட்டிக்கொண்டிருந்தது, அவர் அறியாமலே அதையும் எண்ண ஆரம்பித்து, பதினான்கில் விட்டார்.

குந்தியிருந்தவரின் கண்ணுக்கு நேராகப் பாதையின் புழுதி. புழுதியில் அவருடைய செருப்புத் தடம் வரிசையாக வந்து நின்றது. போனதும் வந்ததுமாகச் சில இடங்களில் ஒன்றன்மேல் ஒன்று, இங்கே கிட்டத்தில் சுத்தமாகத் தனித்தனியாக. அதைப் பார்த்தபோது ஏதோ பிசகாகப் பட்டது, யாரோ ஒரு கிழவனுடைய தடம்போல, நெருக்க நெருக்கமாக, ஒரு குதிகாலுக்கு அடுத்த குதிகால் கைகோத்துக்கொண்டு நடப்பதுபோல. பழனியாண்டி வலது செருப்பைக் கழற்றினார். செருப்பு பத்து அங்குலம், சங்கிலி பிடிக்கிறவனுக்கு இதெல்லாம் பல்லுக் கணக்குப்போலத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு காலடிக்கு மூன்று செருப்பு, புதிதாக வேலைக்கு வந்த வருஷத்தில் இப்படி அளந்து அளந்துதான் காலைப் பழக்கினார்கள். ஒரு குதிகால் தடத்தில் செருப்பை வைத்தார், ஒன்று. அதன் நுனியில் மறுபடி வைத்தார், இரண்டு. மூன்றாவது செருப்புக்கு அங்கே இடமில்லை. உள்ளங்கையை வைத்தார், சரியாக இருந்தது, நாலு அங்குலம். அடுத்த தடத்துக்கும் அப்படியே. அதற்கடுத்ததற்கும் அப்படியே. இருபத்துநாலு அங்குலம். ஆறு அங்குலம் எங்கே போயிற்று என்று கொஞ்ச நேரம் புரியவில்லை, பிறகு புரிந்தது, புரிந்ததும் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தார். முட்டிதான், மூளையில்லை. இந்த இரண்டு வருஷமாக இடது முட்டி மடங்க மறுக்கிறது, கால் தன்பாட்டுக்குத் தன்னைச் சுருக்கிக்கொண்டுவிட்டது, முதலாளிக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. முந்நூறு அடிக்கு மூவாயிரத்து அறுநூறு அங்குலம், அதை இருபத்துநாலால் வகுத்தார், நூற்றைம்பது. விரலை மடக்காமல், தாளில்லாமல் வகுத்தார், டாக்டர் வந்து பார்க்கட்டும். உடம்பு முழுக்க இலேசாகிவிட்டது. கிழவனானது அவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று அவர் நினைத்ததேயில்லை. கால் குட்டையாவதற்கு யாரும் வத்தளைக்குப் போக வேண்டியதில்லை, அதற்கு ஒரு கைத்தடி வாங்கினால் தீர்ந்தது. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு, நூற்றிருபத்தொன்று, நூற்றிருபத்திரண்டு என்று இந்தத் தடவை சத்தமாகவே எண்ணிக்கொண்டு நடந்தார்.

நூற்று நாற்பத்தொன்பதிலேயே கல் தெரிந்தது. பெரிய மருத மரத்துக்குக் கீழே, முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒரு பொம்பிளை குந்தியிருக்கிற மாதிரி, அவர் எழுதியபடியே. மடியில் கையை விட்டார். சருகு, ஒரு நத்தைக் கூடு, ஒரு தட்டைக் கல், அதற்கடியில் இரண்டு பொலித்தீன் பைக்குள் பெட்டி. பச்சை மூடி வெளுத்து வெள்ளையாகியிருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு கல்லுக்கு எதிரே உட்கார்ந்தார், அவசரப்படவில்லை, தவமணியின் பிளேன்டீ இன்னும் ஆறியிருக்காது. நோட்டுப் புத்தகத்தின் ஓரங்கள் ஈரத்தில் அலையலையாக வளைந்திருந்தன. முதல் பக்கத்தில் அவருடைய சங்கிலி வளையம், அடுத்ததில் மாஸ்டரின் மெழுகுதிரி, அப்புறம் ஒரு மீன், ஒரு பஸ், ஒரு கோப்பிப் பழம், பேராதனைப் பல்கலைக்கழகப் பிள்ளைகள் யாரோ மூன்று பேர் சேர்ந்து குத்தியது, மூன்று வருஷத்துக்கு ஒன்றுமில்லை, மறுபடி ஒரு மீன். பக்கத்தைப் புரட்டினார். அங்கே ஒரு சங்கிலி வளையம் இருந்தது. தன்னுடையதைப் போலவே ஒருத்தன் செதுக்கியிருக்கிறானே என்றுதான் முதலில் பட்டது, அதுவும் வளையத்தின் அடியில் அதே பிளவோடு, கத்தி வழுக்கிய அதே இடத்தில். கீழே நீல மையில் எழுதியிருந்தது. ஆகஸ்ட் பத்து, ஞாயிறு. இந்த வருஷம். மகள் வத்தளைக்குக் கூப்பிடுகிறாள். என்னுடைய ஞாபகம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க யாருக்கும் சொல்லாமல் பஸ்ஸில் வந்தேன். முதலில் கிடைக்கவில்லை, பயந்துபோனேன். செருப்பால் அளந்து பார்த்தேன். கால்தான் குட்டையாகிவிட்டது. இனி 120 அல்ல, 150. ஞாபகத்துக்கு ஒரு குறைவுமில்லை. ச. பழனியாண்டி. கையெழுத்தின் கடைசியில் எப்போதும் போடுகிற இரட்டைக் கோடு நேராக விழுந்திருந்தது.

ஆகஸ்ட் பத்து என்றால் இன்றைக்கு இருபத்தெட்டு நாள். அந்த ஞாயிற்றுக்கிழமையைத் தேடிப் பார்த்தார். அதற்கு முந்தின சனிக்கிழமை தெரிந்தது, தண்ணீர்க் குழாய் திருத்த ஆள் வந்தது. திங்கட்கிழமை மழை. நடுவில் ஒன்றுமில்லை, கிழித்த இடத்தின் முனைகூட இல்லை, அப்படி ஒரு நாள் இருந்த சுவடே இல்லை. பஸ்ஸில் வந்திருக்கிறார், கண்டக்டரிடம் இடம் சொல்லி இறங்கியிருக்கிறார், கிணற்றைத் தேடியிருக்கிறார், புற்றுக்குப் பக்கத்தில் குந்தியிருக்கிறார், செருப்பைக் கழற்றியிருக்கிறார். சிரித்திருப்பார், அதே இடத்தில் அதே சிரிப்பு, முட்டிதான், மூளையில்லை என்று. சற்று முன்னால் அந்தச் சந்தோஷம் எவ்வளவு புதிதாக இருந்தது, அதுதான் அவரை அடித்தது. மற்றதெல்லாம் பரவாயில்லை. பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. ஒரு தாள், ஈரமான தாள், சத்தமே வராது, கிழித்து உருட்டிப் புற்றுக்குள் போட்டால் திங்கட்கிழமைக்குள் கறையான் முடித்துவிடும். இந்த உலகத்தில் இது தெரிந்தது அவர் ஒருவருக்குத்தான், அவருக்கும் எத்தனை நாளைக்குத் தெரியும்? ஒரு வாரத்தில் அவரே நிரபராதியாகிவிடுவார். விரல் தாளின் ஓரத்தைப் பிடித்தது. முப்பத்தாறு வருஷத்தில் அளவைப் புத்தகத்தில் ஒரு பக்கம் கிழித்ததில்லை. பிழையாக எழுதினால் குறுக்கே ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதுவார்கள், பிழையும் வாசிக்கக் கிடைக்க வேண்டும், அதுதான் சட்டம். அடுத்த மாதம் ஒரு ஆள் வருவான், சங்கிலி வளைய முத்திரையோடு, பயந்துபோய், செருப்பால் அளந்துவிட்டு, சிரித்துக்கொண்டு. அவனுக்கு இந்தப் பக்கத்தை விட்டால் உண்மை சொல்ல ஆளில்லை. பழனியாண்டி சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்தார். ஞாபகத்துக்கு ஒரு குறைவுமில்லை என்ற வரியின் குறுக்கே ஒரே கோடு போட்டார், எழுத்து தெரியும்படி. கீழே தன் முத்திரையைக் குத்தி, செப்டம்பர் ஏழு, இரண்டாம் தடவை வந்தேன், முதல் தடவை ஞாபகமில்லை என்று எழுதினார். இரட்டைக் கோட்டைப் போட்டார். பைக்குள் பையாகச் சுற்றி, தட்டைக் கல்லை வைத்து, சருகைத் தள்ளி, இருந்தது இருந்தபடி மூடினார். திரும்பும்போது எண்ணவில்லை.

தவமணி ஆட்டோவை விட்டு இறங்கி ரோட்டோரத்தில் நின்றிருந்தாள். அவர் முகத்தில் என்ன பார்த்தாளோ, எட்டி வந்து கையைப் பிடித்துப் பள்ளத்தைக் கடத்திவிட்டாள். "கெடச்சிச்சாப்பா?" என்றாள்.

"கெடச்சிச்சு."

அவள் அவர் தோளில் ஒட்டியிருந்த நாயுருவியை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டுக்கொண்டே, "சரி, பேச்சு பேச்சுதான். இனிமே நான் வத்தளைன்னு வாயெடுக்க மாட்டேன். ஆனா மாசத்துக்கு ரெண்டு தடவ வந்து பார்ப்பேன், அதுக்கு நீங்க ஒன்னும் சொல்ல ஏலாது" என்றாள். தோற்றதற்கு அவள் கோபப்படவில்லை, அதைப் பார்க்கத்தான் அவருக்குத் தாங்கவில்லை. ஆட்டோக்காரர் இன்ஜினைக் கிளப்பினார். இப்படியே ஏறி உட்கார்ந்துவிட்டால் முடிந்தது, இன்னும் ஒரு மணி நேரத்தில் தன் வீடு, தன் தெரு.

"போன மாசமும் வந்திருக்கேன் புள்ள" என்றார் பழனியாண்டி. "தனியா, பஸ்ஸுல. இதே மாதிரி தேடி, இதே மாதிரி கண்டுபிடிச்சிருக்கேன். பொஸ்தகத்துல என் கையால எழுதி வச்சிருக்கேன். எனக்கு ஒன்னுமே தெரியல."

நாயுருவி பிடுங்கிய கை அவர் சட்டையிலேயே நின்றுவிட்டது. தவமணியின் கண்கள் நிறைந்தன, அவள் துடைக்கவில்லை.

"நாளைக்குச் சாமான் கட்டுவோம். யோகநாதன் வீட்டுல சாவியக் குடுத்துருவோம்" என்றார். "ஒன்னு மட்டும் கேட்டுக்க. வத்தளைக்கு வந்தப்புறம், நான் பெட்டியக் கண்டுபிடிச்சேன், ஜெயிச்சேன், நீ ஏன் என்னைய இங்க கொண்டாந்து வச்சிருக்கேன்னு ஒங்கிட்ட சண்ட புடிப்பேன். இப்ப நான் சொன்னத அப்ப நீ எனக்குச் சொல்லு. நான் நம்ப மாட்டேன், நீ பொய் சொல்றேன்னு ஏசுவேன். ஏசினாலும் விட்டுறாத புள்ள, திரும்பத் திரும்பச் சொல்லு."